கோட்டுக்கு வெளியே நிற்பவர்

மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லையில் கபடிக்குக் களம் போடுவது திண்டிவனம் பக்கத்து ஊர்களில் உள்ள பழக்கம். மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புத் தூளால் கோடு இழுத்தால் போதும். பொங்கலை ஒட்டி ஓமந்தூரைச் சுற்றியுள்ள ஊர்களின் சுவர்களில் போட்டி அறிவிப்புகள் ஒட்டப்படும். பொழுது சாய்ந்ததும் வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் அணிகள் வந்து இறங்கும். ஒவ்வோர் அணியோடும் பனியன் போடாத ஆள் ஒருவர் இறங்குவார். சட்டைப் பையில் நுழைவுக் கட்டணம், கையில் வலிமருந்தும் துணிக்கட்டும் வைத்த மஞ்சள் பை. பையன்கள் சாப்பிட்டார்களா என்று பார்ப்பதும், வெளியூர் ஆளை இறக்கியிருக்கிறீர்கள் என்று எதிரணி கிளப்பும் சண்டையைத் தீர்ப்பதும் அவர் வேலைதான். ஊரில் அவருக்கு மேனேஜர் என்று பெயர்.

இவ்வளவையும்விடக் கடினமான ஒரு வேலை அவருக்கு இருக்கிறது. பத்துப் பேரைக் கூட்டிவந்திருப்பார், களத்தில் நிற்கப்போவது ஏழு பேர். மீதி மூன்று பேரிடம் ‘நீ வெளியே உட்காரு’ என்று அவர்தான் சொல்ல வேண்டும். அந்த மூவரில் ஒருவன் பெரும்பாலும் அவருக்குச் சொந்தக்காரப் பையனாக இருப்பான்.

அமெரிக்கர்களின் பேஸ்பாலில் இதே வேலையைச் செய்பவருக்கும் மேனேஜர் என்றுதான் பெயர். கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் அவரைப் பயிற்சியாளர் என்கிறார்கள். பேஸ்பாலில் பயிற்சியாளர்கள் தனியாக உண்டு. மேனேஜர் அவர்களுக்கு மேலே இருப்பவர். அவர் ஆட்டக்காரர்களைப் போலவே எண் தைத்த சீருடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுபது வயதானாலும் அப்படித்தான். ஆரம்ப காலத்தில் ஆடிக்கொண்டே அணியை நடத்தியவர்கள் இருந்தார்கள். அந்தக் காலத்தின் மிச்சம் இது. ஆட்டம் அவர் உடம்பை விட்டுப் போய் எத்தனையோ வருடங்கள் ஆகியிருக்கும், உடுப்பு மட்டும் போவதில்லை.

பெரிய லீகில் ஒரு பருவத்துக்கு ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏறக்குறைய ஆறு மாதம், கிட்டத்தட்டத் தினமும் ஓர் ஆட்டம். நேற்றைய தோல்வியை உட்கார்ந்து நினைக்க நேரம் கிடையாது. யாருடைய தோள் களைத்திருக்கிறது, யாருக்குத் தூக்கமில்லை, யார் வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்பதெல்லாம் அவர் கணக்கில் இருக்க வேண்டும். இதற்கு மேல் அந்த ஆட்டத்தில் ஒரு கொடுமையான விதியும் உண்டு. ஒருவரை வெளியே எடுத்துவிட்டால் அன்றைய ஆட்டத்தில் அவர் திரும்ப வர முடியாது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளரை நிறுத்திவிட்டுப் பத்து ஓவர் கழித்து மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் பந்தெறிபவரை மாற்றினால் மாற்றியதுதான். அவரை நிறுத்தும் நேரத்தைத் தீர்மானிப்பதற்குத்தான் மேனேஜருக்குச் சம்பளம் என்றே சொல்லிவிடலாம்.

அந்த ஒரு முடிவு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு இரண்டு இரவுகள் உண்டு.

முதல் இரவு 2003 அக்டோபர் 16. நியூயார்க் யாங்கீஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதிய தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். வென்றவர்கள் இறுதித் தொடருக்குப் போவார்கள். 1918க்குப் பிறகு அன்றுவரை பாஸ்டன் கோப்பையைப் பார்த்ததில்லை. எட்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் அடிக்க வரும்போது 5-2 என்று பாஸ்டன் முன்னிலை. பந்தெறிந்துகொண்டிருந்தவர் பெட்ரோ மார்ட்டினஸ், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த எறியாளர்களில் ஒருவர். நூறு பந்துகளைத் தாண்டிவிட்டார். நூறுக்கு மேல் அவர் கை தளரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிரணி ஒரு ஓட்டம் எடுத்ததும் பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில் களத்தின் நடுவுக்கு நடந்து போனார். முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார் பெட்ரோ. லிட்டில் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி நடந்தார். அடுத்த இரண்டு ஆட்டக்காரர்களும் அடித்தார்கள். ஆட்டம் 5-5 என்று சமனானது. பதினோராவது இன்னிங்ஸில் ஆரோன் பூன் என்பவர் முதல் பந்தையே எல்லைக்கு வெளியே அடித்தார், பாஸ்டனின் பருவம் முடிந்தது. சில நாட்களில் லிட்டிலின் வேலையும் போயிற்று.

அடுத்தது 2020 அக்டோபர் 27. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், டாம்பா பே ரேஸுக்கு எதிரே லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். டாம்பாவின் எறியாளர் பிளேக் ஸ்னெல் அன்று யாராலும் தொட முடியாதபடி எறிந்துகொண்டிருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் 73 பந்துதான் ஆகியிருந்தது, அணி 1-0 முன்னிலை. எதிரணி ஆட்டக்காரர்கள் ஓர் எறியாளரை மூன்றாவது முறை சந்திக்கும்போது அவரைப் படித்துவிடுவார்கள் என்பது புள்ளிவிவரக்காரர்களின் கணக்கு. மேனேஜர் கெவின் கேஷ் அதை நம்பினார். நடந்து போய் ஸ்னெல்லின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். புதிதாக வந்தவர் எறியத் தொடங்கிய சில நிமிடங்களில் டாட்ஜர்ஸ் இரண்டு ஓட்டங்கள் எடுத்தார்கள். ஆட்டம் 3-1, கோப்பையும் அவர்களுக்கே.

ஒருவர் விட்டுவைத்ததால் தோற்றார், மற்றவர் எடுத்ததால் தோற்றார். லிட்டில் மனிதரை நம்பினார், கேஷ் எண்ணை நம்பினார் என்று பிறகு எழுதினார்கள். இவ்வளவு சுலபமாகப் பிரிக்கக் கூடியதல்ல அது. லிட்டிலுக்கும் எண் தெரியும், கேஷுக்கும் கண் உண்டு. வேறோர் இரவில் அதே முடிவுகளுக்காக இருவரையும் தோளில் தூக்கியிருப்பார்கள். மேனேஜர் எடுக்காத முடிவு ஒருபோதும் ஆடிப் பார்க்கப்படுவதில்லை. அதனால்தான் எல்லோருக்கும் அது சரியான முடிவாகத் தெரிகிறது.

ஆனால் லிட்டில் கேட்ட கேள்வியில் ஒரு பிழை இருந்தது. மஞ்சள் பை வைத்திருக்கும் நம் ஊர் மேனேஜர் அதைச் செய்ய மாட்டார். முழங்கால் வீங்கிய பையனிடம் முடியுமா என்று கேட்டால் ‘ஒண்ணுமில்லண்ணா, ஆடுறேன்’ என்றுதான் சொல்வான். பெருமாள் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் அதையேதான் சொல்வான். ஆடுகிறவனுக்கு வேறு பதில் தெரியாது. ஆகவே அவர் கேட்பதில்லை. அவன் பாடிவிட்டுக் கோட்டுக்குத் திரும்பும்போது எந்தக் காலை முதலில் ஊன்றுகிறான் என்று பார்ப்பார்.

அந்தக் கொல்லைக் கபடி இப்போது குளிரூட்டிய அரங்கில் ரப்பர் விரிப்பின்மேல் ஆடும் தொழில்முறை ஆட்டமாகிவிட்டது. புரோ கபடி லீக் 2014இல் தொடங்கியது. 2017இல் தமிழ்நாட்டின் பெயரில் தமிழ் தலைவாஸ் வந்தது. அந்த அணியை நடத்தியவர்களின் கதையில் ஒரு மேனேஜரின் எல்லாத் துயரங்களும் இருக்கின்றன.

2019ஐ எடுத்துக்கொள்ளலாம். ராகுல் சவுத்ரி, அஜய் தாக்கூர், மன்ஜீத் சில்லர் என்று கபடி பார்க்கிறவர்கள் கனவு காணும் மூன்று பெயர்கள் ஒரே அணியில் இருந்தன. பயிற்சியாளர் எடச்சேரி பாஸ்கரன். காகிதத்தில் அந்த அணியைத் தோற்கடிக்க ஆளில்லை. விரிப்பில் 22 ஆட்டங்களில் நான்கைத்தான் வென்றது, 12 அணிகளில் கடைசி இடம். தோல்விகள் தொடர்ந்தபோது பாஸ்கரன் பாதியில் விலகினார், உதயகுமார் வந்தார். பெரிய பெயர்கள் அப்படியே இருந்தார்கள். கபடியில் பாடிப்போகிறவன் ஒரு நேரத்தில் ஒருவன்தான். பாடிப்போகும் நாயகர்கள் இருவர் ஒரே அணியில் இருந்தால் ஒருவர் எப்போதும் தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். இடப்பக்க மூலையில் நின்று கணுக்காலைப் பிடிக்கும், பெயர் தெரியாத பையன் சரியில்லை என்றால் நாயகர்கள் எடுத்த புள்ளிகள் எதிர்வாசல் வழியே போய்விடும். ஏலத்தில் பணம் பெயரைத் தேடிப் போகிறது. அந்தப் பணத்தால் கட்டிய அணியைப் பயிற்சியாளரிடம் கொடுத்து, இதை ஓட்டு என்கிறார்கள்.

2022இல் அதே அணி ஒரே ஆளுக்கு 2.26 கோடி ரூபாய் கொடுத்தது. பவன் செஹ்ராவத். அதுவரை அந்த லீகில் எவருக்கும் அவ்வளவு விலை வைக்கப்பட்டதில்லை. பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே எதிரணி ஆளைப் பிடிக்கப் போன இடத்தில் அவர் முழங்கால் போயிற்று. தூக்கி வெளியே கொண்டுபோனார்கள், அந்தப் பருவம் முழுக்க அவர் திரும்பவில்லை. கட்டிய வீட்டின் நடுத்தூண் கிரகப்பிரவேசத்தன்றே சாய்ந்ததுபோல. ஆரம்ப ஆட்டங்களுக்குப் பிறகு பயிற்சியாளர் உதயகுமாருக்குப் பதில் அஷன் குமார் வந்தார். அவர் கையில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். நரேந்தர் என்ற பையனுக்கு அதுதான் முதல் பருவம். அந்தப் பருவத்தில் அவன் பாடி எடுத்த புள்ளிகள் 240க்கு மேல். தமிழ் தலைவாஸ் முதன்முதலாக அரையிறுதிக்குப் போனது. புனேரி பால்டனிடம் 39-37 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

அதே 2022இல் அமெரிக்காவில் பிலடெல்பியா பில்லீஸ் அணி 22 வெற்றி 29 தோல்வி என்று கிடந்தது. ஜூன் 3 அன்று மேனேஜர் ஜோ ஜிரார்டியை அனுப்பிவிட்டார்கள். ஜிரார்டி ஒன்றும் சாதாரண ஆளில்லை, 2009இல் யாங்கீஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அவர் பக்கத்தில் உதவிக்கு உட்கார்ந்திருந்த ராப் தாம்சன் பொறுப்பேற்றார். பல பத்தாண்டுகள் பேஸ்பாலில் உழைத்தும் பெரிய லீகில் மேனேஜராக ஆகாதவர் அவர். பெரும்பாலும் அதே ஆட்கள், அதே மட்டைகள். அந்த அணி அந்த வருடம் இறுதித் தொடர்வரை போனது.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் படித்தால், ஆளை மாற்றினால் அணி மாறும் என்று முதலாளிகள் முடிவு கட்டக்கூடும். 2019 அந்த முடிவுக்குச் சாட்சி சொல்லாது. அன்றும்தான் மாற்றினார்கள். சில நேரம் புதியவரின் குரல் பழைய செவிகளில் புதிதாக விழுகிறது, அவ்வளவே. சில நேரம் சுமையாகிவிட்ட பெரிய பெயர் ஒதுங்கியதும் சின்னவர்களுக்கு மூச்சு வருகிறது. எது எதனால் நடந்தது என்று அஷன் குமாரைக் கேட்டாலும் தாம்சனைக் கேட்டாலும் நேர்மையாகச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: ஒப்பந்தம் போட்ட இருபது ஆட்டக்காரர்களை மாற்றுவதைவிட ஒரு மேனேஜரை மாற்றுவது மலிவு. அவர் நாற்காலி ஆட்டம் காண்பதற்குப் பாதிக் காரணம் இந்த மலிவுதான்.

சென்னையிலேயே இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்று இருக்கிறது. ஸ்டீபன் பிளெமிங் 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆட வந்தார், 2009இல் பயிற்சியாளர் ஆனார். 2020இல் அணி முதன்முறையாக அடுத்த சுற்றுக்குப் போகாமல் ஏழாம் இடத்தில் நின்றது. சேப்பாக்கத்துக்காரர்கள் கொதித்தார்கள். நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது, 2021இல் கோப்பை வந்தது. 2010, 2011, 2018, 2021, 2023 என்று அந்த அணி வென்ற ஐந்து ஐபிஎல் கோப்பைகளுமே அவர் காலத்தவை. ஆனால் அந்தப் பொறுமை உள்ள இடத்திலும் தலைமையைக் கைமாற்றுவது எவ்வளவு சிரமம் என்று 2022 காட்டியது. பருவம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது தோனி விலகி ஜடேஜா தலைவரானார். எட்டு ஆட்டங்களில் இரண்டு வெற்றி. அதோடு பொறுப்பைத் தோனியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மட்டையும் பந்தும் பிடிக்கும் கையாக இந்தியாவிலேயே சிறந்த ஒருவருக்கு நடந்தது இது. ஆடத் தெரிந்தவனுக்கு ஆட்டுவிக்கவும் தெரியும் என்ற நம்பிக்கை எல்லா ஆட்டங்களிலும் இருக்கிறது, எல்லா ஆட்டங்களிலும் அது உடைகிறது.

பொறுமையின் உச்சத்தைப் பேஸ்பாலில் ஒருவர் பார்த்திருக்கிறார். கானி மேக் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியை 1901 முதல் 1950 வரை நடத்தினார். ஐம்பது ஆண்டுகள். ஓய்வு பெறும்போது வயது 87. சீருடை போடாமல் கோட்டும் விறைத்த கழுத்துப்பட்டையுமாக உட்கார்ந்து, கையிலிருந்த அட்டையை ஆட்டி ஆட்டித் தன் ஆட்களை நகர்த்துவார். பேஸ்பால் வரலாற்றில் அதிக வெற்றி பெற்ற மேனேஜர் அவர்தான், அதிகத் தோல்வி கண்டவரும் அவரே. ஐந்து கோப்பைகள் வென்றார். பணமில்லாமல் தன் சிறந்த ஆட்களை விற்றுவிட்டு 1916இல் 36 வெற்றி, 117 தோல்வி என்ற படுகுழியிலும் கிடந்தார். மறு வருடம் அதே பெஞ்சில் அவரே இருந்தார். அணியில் அவருக்குப் பங்கு இருந்தது, பிற்காலத்தில் அவரே முதலாளி. தன்னைத் தானே யார் வேலையை விட்டு அனுப்புவார்கள்? மற்ற மேனேஜர்கள் யாருக்கும் கிடைக்காத வரம் அது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் தலைவாஸின் பனியனில் தமிழ் என்று இருக்கிறது. உள்ளே இருப்பவர்களில் பலர் அரியானாவிலிருந்து வந்தவர்கள். முப்பது வினாடியில் முடியும் ஒரு ரைடுக்கு நடுவே எந்த மொழியில் கத்துவது? தஞ்சாவூர்ப் பக்கத்தின் தர்மராஜ் சேரலாதன், நாற்பது வயதைத் தாண்டியும் மூலையில் நின்று கால் பிடித்தவர், பல மொழிக்காரர்கள் இருந்த அணிகளில் ஆடியவர். வடநாட்டுப் பையன்கள் உட்பட லீக் முழுவதும் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டது. பின்னாளில் தமிழ் தலைவாஸின் பயிற்சிக் குழுவுக்கே அவர் வந்தார். அமெரிக்காவில் மொழிக்குப் பாலம் போடுவதை விதியாகவே கொண்டுவர வேண்டியிருந்தது. டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வெனிசுலாவிலிருந்தும் வரும் பையன்களுக்காக ஒவ்வோர் அணியும் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2016இல்தான் வந்தது. அதுவரை எத்தனை பையன்கள் எதற்காக வெளியே உட்கார வைக்கப்பட்டோம் என்று புரியாமலே ஊர் திரும்பினார்களோ.

நான்கு மொழிக்காரர்களை அரசியலில் ஒரே அணியாக நடத்திய ஒருவரை அதே ஓமந்தூர் நாட்டுக்குக் கொடுத்திருக்கிறது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1895இல் அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1947 மார்ச் 23 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பொறுப்பேற்றார். முதலமைச்சர் பதவிக்கு அன்று அந்தப் பெயர். அவருக்கு முன்னால் இருந்த பிரகாசத்தை அவருடைய கட்சிக்காரர்களே இறக்கியிருந்தார்கள். மாகாணமோ ஆந்திரம், மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. கல்விக்குக் கோவையின் அவினாசிலிங்கம், நிதிக்கு ஆந்திரத்தின் கோபால ரெட்டி, மலபாரிலிருந்து மாதவ மேனன் என்று அமைச்சரவை. ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு வட்டாரம், ஒரு கோஷ்டி. பேஸ்பால் மேனேஜராவது ஆட்டக்காரனை வெளியே உட்கார வைக்கலாம். இவருடைய ஆட்டக்காரர்களுக்கோ மேனேஜரையே வெளியே உட்கார வைக்கும் வாக்கு இருந்தது.

இருந்தும் அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்க்க வேண்டும். 1947இல் கோயில் நுழைவுச் சட்டம். அதே ஆண்டு, முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டம். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். ஒவ்வொன்றும் கட்சிக்குள்ளேயே யாரோ ஒருவருக்குக் கசந்திருக்கும். சிபாரிசுக்கு இடம் கொடாதவர் என்ற பெயர் மக்களிடம் அவருக்கு மதிப்பைத் தந்தது. சட்டசபை உறுப்பினர்களிடம் அதே பெயர் வெறுப்பைச் சேர்த்தது. தன்னை நம்பி ஆடும் ஒவ்வொருவனுக்கும் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அணி நடத்துகிறவர்கள் அறிந்த பழைய பாடம். ரெட்டியாருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. கொடுக்க மனம் வரவில்லை. சொந்தக்காரப் பையனையும் வெளியே உட்கார வைக்கும் மேனேஜர் வகை அவர். 1949 ஏப்ரலில் கட்சிக்குள் ஆதரவு கரைந்து பதவியை விட்டார். குமாரசாமி ராஜா வந்தார்.

இதைத் தோல்விப் பட்டியலில் எழுதுவதா? லிட்டில், ஜிரார்டி, பாஸ்கரன் எல்லோரும் போன வழியில்தான் அவரும் போனார். ஆனால் அவர் கொண்டுவந்த சட்டங்கள் அவரோடு போகவில்லை.

பதவி போன பிறகு ரெட்டியார் வேறு அணி தேடவில்லை. பில்லி மார்ட்டின் என்ற மேனேஜரை யாங்கீஸ் முதலாளி ஐந்து முறை வேலைக்கு எடுத்தார், ஐந்து முறையும் அவர் வெளியேற நேர்ந்தது. அந்த நாற்காலியின் இழுப்பு அப்படிப்பட்டது. ரெட்டியார் வடலூருக்குப் போனார். வள்ளலார் வழியில் சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவினார், ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் படிப்புக்குமான வேலையில் மிச்ச வாழ்நாளைக் கழித்தார். 1970இல் இறந்தார். சென்னையில் அவர் பெயரில் உள்ள அரசினர் தோட்டத்தில் இப்போது பெரிய மருத்துவமனை நடக்கிறது. வரிசையில் நிற்கும் கூட்டம் ‘ஓமந்தூரார் ஆஸ்பத்திரி’ என்று அவரை நாளெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அவர் ஊர்ப் பக்கத்துக் கொல்லையில் கபடி விடிய விடிய நடக்கும். தோற்ற அணி நள்ளிரவிலேயே வேன் ஏறிவிடும். மேனேஜர் மட்டும் கொஞ்சம் பின்தங்குவார். வியர்வையில் நனைந்த பனியன்களை ஒவ்வொன்றாக உதறி, எண் பார்த்து மஞ்சள் பையில் அடுக்குவார். வேனுக்குள் ஒரு பையன் யாரோடும் பேசாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான், இன்று களத்தில் இறக்கப்படாத மூவரில் ஒருவன். அவனுடைய பனியன் காய்ந்தே இருக்கும். அவர் ஏறி, காலியாக உள்ள முன்சீட்டை விட்டுவிட்டு, அவன் பக்கத்தில் போய் உட்காருவார்.